மிக்ஸிக்குள் போன சிக்கன் சில்லி

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அக்காவுக்கு அரைக்கிற வேலை. மென்று விழுங்க முடியாத நோயாளிகளுக்காக, கோழியோ கேரட்டோ, வெந்ததெல்லாம் மிக்ஸிக்குள் போக வேண்டும். கட்டி ஒன்று தங்கினாலும் ஆளுக்குப் புரையேறிவிடும். அரைத்து அரைத்து, வீடு திரும்பும்போது அவளே சக்கையாகியிருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் பையில் கோழிக்கறி இருந்தது. எல்லாம் தம்பிக்காக. அச்சகத்தில் வேலை போனதிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன், வாசல் தாண்டவே இல்லை. கொடுக்கிற சாப்பாடும் பாதி அப்படியே திரும்பி வரும். இப்படியே கரைந்துபோய்விடுவானோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம். காலையில் அவனே கதவைத் திறந்து, "பீன்ஸ் போட்டுக் குழம்பு மாதிரி சிக்கன் சில்லி பண்றியாக்கா?" என்றான். வாய்விட்டு ஒன்றைக் கேட்டானே, அதுவே பெரிய விஷயம்.

கால் கடுக்க நின்று வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கினாள். மிளகாய்த்தூள், சீரகத்தூள், தக்காளி, வேகவைத்த சிவப்புப் பீன்ஸ், கறித்துண்டுகள் எல்லாம் போட்டு மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். குழம்பு கெட்டியாகி வீடே மணத்தது. இறக்கினாள், ஆறவிட்டாள். அதற்கப்புறம் கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. அதற்கு வீடு எது, வேலை எது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மிக்ஸி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஜாருக்குள் செங்கல் நிறத்தில் கூழ்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். கடுக்கிற காலுக்கும் சேர்த்தே அழுதாள்.

சத்தம் கேட்டுத் தம்பி வந்தான். ஜாரை எட்டிப் பார்த்து, விரலால் வழித்து நக்கினான்.

"ருசியாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பல்லெல்லாம் இருக்குக்கா."

"கைப்பழக்கம்டா. புத்தி எங்கயோ போயிடுச்சு."

"கறி மிச்சம் இருக்கா?"

"இல்ல. மொத்தத்தையும் அரைச்சுட்டேன்."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான்.

"கறிக்கடை திறந்துதான் இருக்கும். வாங்கிட்டு வந்தா இன்னொரு தடவை பண்ணுவியா?"

இன்னொரு தடவையா! இதையே ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டுப் படுக்கலாம்டா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் அதற்குள் செருப்பில் காலை நுழைத்திருந்தான். அவள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"எலும்போட வாங்கிட்டு வாடா. அது மிக்ஸிக்குள்ள போகாது," என்று சுவரைப் பிடித்தபடி எழுந்தாள்.