மூன்றாவது பாட்டின் வரிகள்

பென்னியின் இடது கால் காலுறைக்குள் போக மறுத்தது. ஏசுபாதம் தரையில் மண்டியிட்டு, தம்பியின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நேற்று தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது. இன்று நாலு மணிக்கு அடக்கம்.

"அத்தான், பேண்டுக்காரங்க ஒரு பாட்டு வாசிக்கணுமாம்," என்றாள் பென்னியின் மனைவி தபீதாள். "எதுன்னு உங்களைத்தான் கேக்கணுமாம்."

"என்னையா?"

அவள் சவப்பெட்டியில் பூவைச் சரிசெய்தாள்.

ஸைடெகோ என்ற பெயரே ஏசுபாதத்தின் வாயில் சரியாக நுழைந்ததில்லை. அமெரிக்காவில் லூசியானாவின் கறுப்பின மக்கள் அக்கார்டியனோடு ஆடிப்பாடும் இசையாம். அதைத் தமிழில் பாடி, பென்னி அக்கார்டியன் வாசிக்க, நான்கு பேர் சேர்ந்து போன வருஷம் ஸ்டூடியோவில் ஒரு ஆல்பம் போட்டார்கள். 'கல்யாண பேண்டுக்கு வந்த அமெரிக்க ஆசை' என்று ஒரு இணையப் பத்திரிகை இரண்டே வரியில் முடித்துவிட்டது. சபையில் ஆட்டப்பாட்டு என்று முகம் சுளித்தார்கள். லூசியானாவிலிருந்து யாரோ ஒரு கிழவர் மட்டும், 'ஒரு வார்த்தையும் புரியவில்லை, கால்தான் நிற்க மாட்டேன் என்கிறது' என்று எழுதியிருந்தார்.

பென்னி மூன்று முறை போன் செய்தான். "கேட்டியாண்ணா?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஏசுபாதத்துக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. மூன்றாவது முறை, மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "கேட்டேன்டா. அந்த மூணாவது பாட்டுல வரியெல்லாம் அருமை," என்றார்.

 "தேங்க்ஸ்ணா," என்றான் பென்னி.

வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே விக்கி நின்றிருந்தான். நாற்பது வயது, செம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். பேண்டில், மார்பில் மாட்டிய நெளிதகரத்தை ஸ்பூனால் சுரண்டித் தாளம் போடுவது அவன்தான்.

"சார், ஊரே கழுவி ஊத்தினப்போ பென்னி அண்ணன் உங்களத்தான் சொல்லிகினே இருந்தாரு. எங்க அண்ணனுக்கு மூணாவது பாட்டு புடிச்சுகீதுன்னு. அதையே வாசிச்சிடலாமா?"

ஏசுபாதம் தலையாட்டினார்.

விக்கி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். "இன்னா ஒண்ணு சார், ஆல்பத்துல அதுக்கு வரியே கெடையாது. வெறும் அக்கார்டியன்தான்."

ஏசுபாதத்தின் பார்வை அந்தக் காகிதத்தில் நின்றது.

"வரி அருமைன்னு நீங்க சொன்னீங்களாம். போன வச்சிட்டு அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.  அப்பால ஒரு வாரம் உக்காந்து இத்த எழுதினாரு. என்னைக்காச்சும் எங்க அண்ணன் கேக்குறப்போ வரி இருக்கணும்லடான்னாரு."

ஏசுபாதம் உள்ளே திரும்பிப் பார்த்தார். தபீதாள் பூவை விட்டுக் கையை எடுக்கவில்லை, நிமிரவும் இல்லை.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்தது. அக்கார்டியன் இல்லை. ஒரு கிடாரும் விக்கியின் தகரமும்தான்.

"சார், எனக்கு மனப்பாடம் இல்ல. கை ரெண்டும் வேலையா கீது. இத்தக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?"

ஏசுபாதம் காகிதத்தை இரண்டு கையாலும் விக்கியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் பக்கம் வெறும் தாள். வெயிலில் மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்தன. விக்கி பாடத் தொடங்கினான். காற்றில் ஓரம் மடிந்தபோது ஏசுபாதம் அதைக் கட்டைவிரலால் நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.