செய்யாமல் விட்ட சோதனை

அக்காவின் மீன் பண்ணையில் நான்காவது தொட்டியிலும் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. அத்தான் முழங்கால்வரை தண்ணீரில் நின்று கைவலையால் அவற்றை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். இளையவள் காரை நிறுத்திவிட்டு வருவதைப் பார்த்ததும், அந்த நிலையிலும் அவருக்குக் கேலி போகவில்லை.

"வாங்க டாக்டரம்மா. மீனுக்கெல்லாம் உங்க மேல கோவம் போல. முகங்கொடுத்துப் பேசவே மாட்டேங்குது."

"எத்தன போச்சு அத்தான்?"

"எண்றத நேத்தே விட்டுட்டேன். ஓடைத் தண்ணியே சுடுதும்மா, சூட்டோட நோயும் வந்துடுச்சு. இந்த வெயிலுக்கு யாரு என்ன பண்ண முடியும்? விடு."

அந்த 'விடு' அவளுக்கு முள்ளாகத் தைத்தது. வெயில் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

குளிர்ந்த தண்ணீரில் வளரும் டிரவுட் மீனின் நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் மாரடிக்கிறவள் அவள். அந்த மரபணுவை ஒட்டி ஒரு துண்டு இருக்கிறது. பாடம் மறந்த பிள்ளை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதுபோல, அதில் ஒரே எழுத்துக்கோவை மறுபடி மறுபடி வரும். சில மீன்களில் அந்தத் துண்டு குட்டை, சிலவற்றில் நீளம். எட்டு டிகிரித் தண்ணீரில் சோதித்தபோது, குட்டைத் துண்டு மீன்களில் மரபணு மும்முரமாக வேலை செய்தது. நீளத் துண்டு மீன்களில் சோம்பிக் கிடந்தது. அடுத்துப் பதினெட்டு டிகிரியில் சோதிக்க வேண்டும். மூன்றாம் வாரமே தண்ணீரைச் சூடாக்கும் கருவி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் அக்காவின் பண்ணையில் முட்டையிடும் பருவம் வந்துவிட்டது.

"எத முட்டைக்கு வச்சிக்கட்டும், எத அனுப்பட்டும்? முடிவாச் சொல்றியா?" என்று அக்கா கேட்டாள்.

இளையவள் முடிவாகச் சொன்னாள். குட்டைத் துண்டு மீன்கள் தாய் மீன்களாகத் தங்கின. நீளத் துண்டு மீன்கள் ஓடைக்கு மேலே இருக்கும் பண்ணைக்காரரிடம் போய்ச் சேர்ந்தன.

போன வாரம் அத்தான் அனுப்பிய குஞ்சுகளைப் பரிசோதித்த முடிவு நேற்றுதான் வந்தது. சூட்டில் கதை தலைகீழாகியிருந்தது. குட்டைத் துண்டுக் குஞ்சுகளில் மரபணு வாயடைத்துப்போயிருந்தது. நோய் எட்டிப் பார்க்காத தொட்டியிலும் அப்படியேதான். தாக்குப்பிடித்தவை எல்லாம், அவள் பிரிக்கும்போது கைதவறி விட்டுவிட்ட ஏழெட்டு நீளத் துண்டுத் தாய் மீன்களின் பிள்ளைகள். அவளுடைய கவனக்குறைவு காப்பாற்றிய உயிர்கள்.

அக்கா தீவன அறையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தாள். தூங்காத கண்கள்.

"வந்துட்டியா பாப்பா? வெயில்ல நிக்காத, உள்ள வா."

"அக்கா, வெயில் மட்டும் இல்ல. நான் பிரிச்சதே தப்பு."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அத்தானின் கைவலை அந்தரத்தில் நின்றது.

"எப்பத் தெரியும்?" என்றாள் அக்கா.

"நேத்து சாயங்காலம்."

"அதக் கேக்கல. சூட்டுத் தண்ணியில சோதிக்கலங்கறது எப்பத் தெரியும்?"

இளையவளுக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"அப்பவே தெரியும்."

"ரெண்டுலயும் பாதிய வச்சிட்டுப் பாதிய அனுப்பியிருப்பேனே. ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா நம்பமாட்டியோன்னு..."

"நம்பித்தானே இப்படி நிக்கிறேன்."

"வேணும்னேவா செஞ்சா?" என்று அத்தான் குறுக்கே வந்தார். "சின்னப் புள்ள மாதிரி அழுவுறா பாரு."

"நீங்க சும்மா இருங்க. அழட்டும்."

பொழுது சாயும்வரை மூவரும் தொட்டிகளைக் காலி செய்தார்கள். மறுநாள் இளையவள் ஆராய்ச்சிக்கூடத் தலைவரிடம் போய், குட்டைத் துண்டு மீன்களைப் பரிந்துரைத்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்; திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அக்கா மேல் பண்ணைக்காரரிடம் போய், கொடுத்த மீனைத் திருப்பிக் கேட்டாள். "அப்பவே யோசிச்சிருக்கணும்," என்று சொல்லிக்காட்டிவிட்டுத்தான் அவர் அறுபது மீன்களைக் கொடுத்தார். பண்ணையில் ஒன்பது தொட்டிகளுக்கு இரண்டு பிழைத்தன.

அக்கா பேச்சை நிறுத்திவிடவில்லை. தினமும் காலையில் போன் செய்கிறாள். முன்பெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஆரம்பித்து அரைமணி நேரம் இழுப்பாள்.

"பதினெட்டரை," என்கிறாள் இப்போது. மறுநாள், "பத்தொம்பது."

தண்ணீரின் சூட்டைச் சொன்ன கையோடு வைத்துவிடுகிறாள். இளையவள் அதைக் குறித்துக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.