மர்வாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

எகிப்தில் எங்கள் மன்சூராவில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் மூன்று மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைப்போம். கடைசிவரை எரிவதன் பேர்தான் குழந்தைக்கு. இந்த முறை ஏற்ற வேண்டியவள் அத்தைக்காரி நான். எனக்கு ஏன் இந்த வம்பு என்று காலையிலிருந்தே எரிச்சல்.

என் தம்பி ரிஃபாத்தின் மூத்த மகள் ஸஃபா போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. இப்போது பிறந்திருப்பதும் பெண். ஸஃபாவும் மர்வாவும் மக்காவில் எதிரெதிரே இருக்கும் குன்றுகள். அக்கா ஸஃபா என்றால் தங்கை மர்வா என்பது பழைய ஜோடி.

தம்பி மனைவி சௌசன் அதைத்தான் கேட்டாள். "மதினி, மர்வாவோடத மட்டும் கொஞ்சம் தடியா வாங்குங்க. இந்த வீட்டுல ஸஃபா பேரை யாரும் வாயில எடுக்கறதில்ல. இவளை மர்வான்னு கூப்பிட்டா, அவளையும் நெனச்சுத்தானே ஆகணும்?"

சற்று நேரத்தில் தம்பி அடுக்களைக்கு வந்து நின்றான். "அக்கா, மர்வா மட்டும் வேணாம். நுஹா, அபீர், எதுன்னாலும் சரி. தினம் அந்தப் பேரைக் கேட்டா எனக்கு அவ ஞாபகந்தான் வரும். தாங்காதுக்கா."

"அவகிட்டயே சொல்லித் தொலையேன்டா."

"எப்படிச் சொல்ல?"

ஊரெல்லாம் பேசுவான், பெண்டாட்டியிடம் மட்டும் வாய் வராது. இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, மூன்றையும் ஒரே தடிமனில் வாங்கினேன். வேறென்ன செய்ய?

விருந்தாளிகள் முன்னால் அபீர் முதலில் அணைந்தது. நுஹா தள்ளாடியது. மர்வா நின்று எரிந்தது. ஸஃபா போன இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக சௌசன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அப்போது தம்பி, "ஒரே புழுக்கமா இருக்கு" என்று ஜன்னலைத் திறந்தான். ஜன்னலோரம் இருந்தது மர்வாதான். ஒரே காற்றில் அணைந்துவிட்டது. மிஞ்சியது நுஹா.

சௌசன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மெலிசா வாங்கிட்டீங்கல்ல, மதினி?"

உண்மையைச் சொன்னால் அவர்களுக்குள் நெருப்பு, சொல்லாவிட்டால் பழி என் தலையில். அணைந்த மெழுகுவத்தியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

பெண்கள் குலவையிட்டு, குழந்தை காது பழகட்டும் என்று வழக்கப்படி பித்தளை உரலைச் சத்தமாக இடித்தார்கள். "வாப்பாதான் முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடணும்" என்று குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள்.

தம்பி குனிந்து, "ஸஃபா" என்றான்.

உரல் நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். "என்ன, நுஹான்னுதானே கூப்பிட்டேன், ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மகளை மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அதே பேர்தான் வந்தது.