நாகேந்திரனின் ஆட்கள்

அப்பா வேதமுத்துவை அடக்கம் செய்துவிட்டு ரெனிதா வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் அது நடந்தது. கார் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களின் புகார்களைப் போனில் கேட்கும் அலுவலகம், அம்பத்தூர் எஸ்டேட்டில். ஒரு பெரியவர் தன் மகன் விபத்தில் இறந்ததைச் சொல்லச் சொல்ல, ரெனிதாவுக்கு அப்பா ஞாபகம் வந்தது. பேச முடியாமல் விசும்பிவிட்டாள்.

மறுநாள் மேனேஜர் நாகேந்திரன் டீம் முழுவதையும் கூட்டி, அந்தப் போன் பேச்சின் பதிவை ஸ்பீக்கரில் போட்டார். விசும்பல் வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டார்.

"எப்படிப் பேசக் கூடாதுங்கிறதுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அழறதுன்னா வீட்லயே அழுது முடிச்சிட்டு வாங்க."

யாரும் தலை நிமிரவில்லை. ரெனிதா அங்கே அழவில்லை. இந்த ஆளுக்குக் கீழே இனி ஒருத்தர்கூட இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பூந்தமல்லியில் அதே மாதிரி ஒரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. டீம் லீடராகச் சேர்ந்தாள். பழைய ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். ரோஷினியிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்கு நீ அழுதத கேட்டதுலேர்ந்து அந்தாளு கிட்ட வந்தாலே பேச வந்தது மறந்து போவுது. அடுத்து நான்தான்னு நெனச்சிகினே போன் எடுக்கிறேன்."

ரோஷினி வந்தாள். டில்லிபாபு வந்தான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். நாகேந்திரனிடம் மிஞ்சியது புது ஆட்களும், அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துச் சமாளித்துவந்த ஜாபஸும்தான்.

சேக்காட்டில் இருந்த ஜாபஸ் வீட்டுக்கே போனாள் ரெனிதா.

"வேணாங்க்கா. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப அவருதான் லீவு குட்த்தாரு. டெய்லி போன் போட்டு விசாரிச்சாரு. எனக்கு ஒரு கெட்டதும் பண்ணல."

"உனக்குப் பண்ணல. எனக்குப் பண்ணாரு. நீயும் அங்கதான குந்தி கேட்டுகினு இருந்த?"

 மாதக் கடைசியில் ஜாபஸ் ராஜினாமா கொடுத்தான்.

அன்று மாலை நாகேந்திரனே போனில் கூப்பிட்டார்.

"ரெனிதா, எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்ட. ஜாபஸ மட்டும் விட்டுடும்மா. அவனும் போயிட்டா என்னைத் தூக்கிடுவாங்க."

"நான் அழுதத ஸ்பீக்கர்ல போட்டீங்களே, எங்கப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்த வாரம் சார் அது."



"தெரியும்மா. தப்புதான். மன்னிச்சிடு."

அந்த வார்த்தை தனக்கு எதற்கும் உதவாது என்பது ரெனிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"முடியாது சார்" என்று போனை வைத்தாள்.

ஜாபஸும் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தான். அம்பத்தூரில் புது ஆட்களால் சமாளிக்க முடியாமல் புகார்கள் தேங்கின. நாகேந்திரனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ரோஷினி ஓடிவந்து சொன்னபோது ரெனிதா கேன்டீனில் மதியச் சாப்பாட்டில் இருந்தாள். இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ருசித்துச் சாப்பிட்டாள். எதிரே இருந்த ஜாபஸ் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.