எந்தப் போன் முந்திப் பேசும்

ரோண்டா நீமியின் வாய் இருக்கிறதே, அதற்குப் பயப்படாத ஆம்பிளை அந்த ஏரிக்கரை ஊரில் கிடையாது. ரெட் பைன் மதுக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பாதி ஆயுசைக் கழித்தவள். குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவனைப் பிடித்துத் தள்ள அங்கே தடியன் எவனும் தேவைப்பட்டதில்லை. இவள் ஒரு வார்த்தை சொல்வாள், கடையே சிரிக்கும், அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். மறுநாள் வந்து மன்னிப்பும் கேட்பான்.

அப்படிப்பட்டவளின் நாக்கில்தான் வந்து உட்கார்ந்தது அந்தப் பாழாய்ப்போன நரம்பு நோய். பனி உருகுகிற காலத்தில் வார்த்தை குழறியது. கோடை முடிவதற்குள், அவள் பேசுவது புருஷன் டேலுக்கு மட்டும்தான் புரிந்தது. மறுபடி பனி விழ ஆரம்பித்தபோது அவனுக்கும் புரியவில்லை. "அடுத்து கை, அப்புறம் கால்" என்று டாக்டர் சொன்னதை டேல் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலை. யாராவது சீண்டினால் அவள் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாளே, அதை இனிமேல் கேட்கவே முடியாதா?

எழுதினால் வாசித்துச் சொல்கிற செயலி ஒன்று இருக்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். ரோண்டாவின் பழைய போனில் அதை ஏற்றினார்கள். அந்தப் போனோ படு சோம்பேறி. செயலியைத் திறந்தால் யோசிக்கும், எழுத்துப் பலகையைத் தொட்டால் யோசிக்கும், பேசு என்று அழுத்தினால் இன்னொரு தடவை யோசிக்கும். அது வாயைத் திறப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். ரோண்டாவைப் போன்றவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

டேல், பனியில் ஓடுகிற வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். எது மக்கர் பண்ணினாலும் அதற்குப் பதில் வேறு ஒன்று மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. பக்கத்து டவுன் ஹௌட்டனில் இருக்கிற போன் கடைக்குப் போனான். அவன் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு போன் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். கம்பெனி வேறு, விலை கிட்டத்தட்ட ஒன்றே.

"எதும்மா வேகம்?" என்று கேட்டான்.

கடைக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "பெட்டியில எழுதியிருக்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. தினம் என்ன பண்ணுவீங்களோ அதையே ரெண்டுலயும் பண்ணிப் பாருங்க. பிடிக்காததைத் திருப்பிக் கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

அன்று சாயங்காலமே சமையலறை மேஜை பட்டறையாகிவிட்டது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு டேல் உட்கார்ந்தான். வானிலையைத் திறந்தான், படம் எடுத்தான், மகளுக்குச் செய்தி அனுப்பினான். கடைசியில் அந்தச் செயலிக்கு வந்தான். ரோண்டா அவனிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த ஒரு வசனத்தை இரண்டிலும் எழுதிவைத்து, இரண்டு கட்டை விரலாலும் ஒரே சமயத்தில் அழுத்தினான்.

"டேல், வாயை மூடு, குளிர் உள்ள வருது" என்று இரண்டு போனும் சேர்ந்து சொல்லின. வானிலை அறிக்கை வாசிக்கிறவளின் குரல் மாதிரி இருந்தது.

ரோண்டா தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம்தான் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. டேலுக்கு ஊரையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தியா? கறுப்பு ஒரு நூலிழை முந்திடுச்சு. ஆனா எழுத்துப் பலகை நீலத்துலதான் டக்குனு வருது. இரு இரு, மறுபடியும் பாக்கறேன்."

ஒரு வாரம் இதே பிழைப்பு. வேலையிலிருந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு வந்துவிடுவான். ஒரு நாள் கறுப்புதான் என்பான். மறுநாள், சார்ஜ் குறைந்ததும் கறுப்பு மந்தமாகிவிடுகிறது, நீலம்தான் குடும்பத்துக்கு ஏற்றது என்பான். ரோண்டா எதிரே உட்கார்ந்து கஞ்சிபோல ஆக்கிய உருளைக்கிழங்கை மெதுவாக விழுங்கிக்கொண்டு அவனைப் பார்த்தபடியே இருப்பாள். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் ஒருவன் விசில் அடித்தது அந்த வாரம்தான்.

வியாழக்கிழமை சீட்டாட்டம். கோர்டியும் அவன் மனைவி பெவ்வும் வருவார்கள். நாலு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். சீட்டு என்பது ஒரு சாக்கு. ஒருத்தரை ஒருத்தர் வாரிவிடத்தான் கூடுவார்கள். வாருவதில் ரோண்டாதான் ராணி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வியாழனுக்கு டேல் கறுப்புப் போனை அவள் முன்னால் வைத்தான்.

கோர்டி துணை வேண்டாம் என்று தனியாகத் துருப்புச் சொல்லி, மண்ணைக் கவ்வினான். "எனக்கு வந்த சீட்டு அப்படி. இதை வச்சுக்கிட்டு எவனால ஜெயிக்க முடியும்?" என்று புலம்பினான்.

ரோண்டா போன்மேல் குனிந்தாள். கோர்டி சீட்டைக் கலைத்தான், போட்டான். டேல் காத்திருந்தான். பெவ் தன் சீட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "நாளைக்கு அக்காவோட பரிசோதனை முடிவு வருதுப்பா. கட்டி எந்த மாதிரின்னு சொல்வாங்களாம். எனக்கு என்னமோ ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்றாள்.

"அதுக்கு மூளைன்னு ஒண்ணு வேணும்" என்றது போன்.

பெவ்வின் முகம் அறைபட்டது போல் ஆயிற்று. ரோண்டா பதறிப்போய்த் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்பினாள். கோர்டியைக் காட்டினாள், கிடந்த சீட்டைக் காட்டினாள், தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"கோர்டிக்குச் சொன்னதாடி?" பெவ் மெல்லச் சிரிக்கப் பார்த்தாள். "சரி விடு. நியாயமான பேச்சுதான்."

"இந்தச் சனியன் பிடிச்ச போன்!" டேல் அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தான். "அடுத்த வாரம் நீலம். நான் அப்பவே சொன்னேன்."

அடுத்த வாரம் நீலமும் வந்தது. அதுவும் பின்தங்கியது. கோர்டி டேலின் வழுக்கையைக் கிண்டல் பண்ணினதற்கு ரோண்டாவின் பதில், பெவ் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. என்னத்துக்குச் சொன்னாள் என்றே கோர்டிக்குப் புரியவில்லை. "யாருக்கு முடி இல்லங்கற?" என்று வெள்ளந்தியாகக் கேட்டான். நகைச்சுவையை விளக்குகிற பாவத்தை வேறு அவள் செய்ய வேண்டுமா? ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டாள்.

அவர்கள் போனதும் டேல் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு மறுபடி மேஜையில் உட்கார்ந்தான். அழுத்தினான். இரண்டும் அந்தக் கணமே பேசின. மறுபடி அழுத்தினான். மறுபடி பேசின. அவனுக்குத் தலை சுற்றியது.

"வேகமாத்தானே இருக்கு! அப்புறம் எங்க இடிக்குது? நெட்டா இருக்குமோ? இல்ல, செயலிலயே ஏதாவது கோளாறா? நாளைக்குக் கடைக்குப் போன் போட்டு அந்தப் பொண்ணைக் கேக்கறேன்."

ரோண்டா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நீலப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கறுப்பை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எழுதிவைத்திருந்த அந்த வசனத்தைக் காட்டி, அழித்துவிட்டு மறுபடி எழுது என்று ஜாடை செய்தாள். தானும் எழுதப் போவதாகத் தன்னைச் சுட்டினாள்.

"பந்தயமா? என்கூடயா?" டேல் சிரித்தான். கிரீஸும் குளிரும் தின்ற அவனுடைய விரல்கள் ஒவ்வொன்றும் மரக்கட்டை. ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவனைவிட மெதுவாக எழுதுகிறவன் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. "தோத்துட்டு அழக் கூடாது, சொல்லிட்டேன்."

இருவரும் ஆரம்பித்தார்கள். டேல் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். இரண்டு இடத்தில் தப்பும் பண்ணித் திருத்தினான். அழுத்தினான். "டேல், வாயை மூடு, குளிர் உள்ள வருது" என்றது கறுப்பு.

வெற்றிக் களிப்போடு நிமிர்ந்தான். அவள் இன்னும் "வாயை" என்ற வார்த்தையில் இருந்தாள். ஆட்காட்டி விரல் தானாக எழும்பவில்லை. மணிக்கட்டையே தூக்கி, விரலைக் கொண்டுபோய் எழுத்தின்மேல் போட்டு, மறுபடி மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இத்தனை நாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். எப்படிப் பார்க்காமல் போனான்? போனையே பார்த்துக்கொண்டிருந்தான், வேறென்ன!

"எப்பலேருந்து?" என்றான். "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு எழுத ஆரம்பித்தாள். வெளியே பனி அள்ளுகிற வண்டி தெரு முழுவதையும் ஒரு தடவை சுரண்டிவிட்டுப் போனது.

"நீ சந்தோஷமா இருந்தே" என்றது நீலப் போன். "கெடுக்க மனசு வரல."

டேல் மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். கூச்சமில்லாமல் ஓவென்று அழுதான். அவள் அந்த வற்றின கையால் அவன் பிடரியைத் தடவிக்கொடுத்தாள். வழுக்கையில் ஒரு தட்டும் தட்டினாள்.

மறுநாளே அவன் நீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். எது வேகம் என்று அந்தக் கடைக்காரப் பெண் ஆவலாய்க் கேட்டாள். "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் நிற்காமல் வண்டிக்கு வந்துவிட்டான்.

ஆனால் மனுஷன் சும்மா இருப்பானா? வீட்டில் அவள் எழுதுவதை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, ஒரு விஷயம் கண்டுபிடித்தான். முதல் வார்த்தை விழுந்ததுமே அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முப்பது வருஷக் குடித்தனம் பின்னே எதற்கு? "தண்ணி" என்று வந்தால் குளியலறைக் குழாய், "ஜன்" என்று வந்தால் ஜன்னலைச் சாத்து. அவள் எழுதி முடிப்பதற்குள் செய்துவிட்டு வந்தான். அவளும் தலையை ஆட்டினாள். எந்தப் போனாலும் தர முடியாத வேகம் தன்னிடமே இருந்திருக்கிறதே என்று நினைத்தபோது, அவனுக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

அந்த வியாழக்கிழமை அவன் அவள் எதிரில் உட்காரவில்லை. போன் தெரிகிற மாதிரி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கோர்டியும் பெவ்வும் அடுத்தடுத்து ஜெயித்தார்கள். கோர்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"நாங்க வாயால பேசிக்கவே வேணாம் தெரியுமா? இவ ஒரு பார்வை பாத்தா எனக்கு அத்தனையும் புரிஞ்சிரும்!"

ரோண்டா மணிக்கட்டைத் தூக்கினாள். எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. "பாவம் பெவ்" என்று திரையில் வந்தது. டேலுக்குப் பொறி தட்டிவிட்டது. அவள் ரெட் பைனில் நிற்கிற தோரணையையே வரவழைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, உரக்கச் சொன்னான்:

"பாவம் பெவ்! அதான் வீட்டுல கண்ணை மூடிக்கிட்டே திரியறா!"

கோர்டி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பெவ்வுக்குப் புரை ஏறிவிட்டது. "ஐயோ, இது அசல் ரோண்டா! அப்படியே ரோண்டா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மேஜையில் இப்படிச் சிரிப்பு கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! டேல் தானும் சிரித்துக்கொண்டே பெருமையாக மனைவி பக்கம் திரும்பினான்.

"அதானே? அதைத்தானே சொல்ல வந்தே?"

அவள் சிரிக்கவில்லை. திரையிலிருந்த இரண்டு வார்த்தையையும் அழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை மணிக்கட்டைத் தூக்க வேண்டியிருந்தது. சிரிப்பு தானாக அடங்கிப்போயிற்று. அழித்து முடித்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்தத் தடவை அவள் என்ன எழுதுகிறாள் என்று டேலால் ஊகிக்க முடியவில்லை. பார்க்கவும் துணிவில்லை.

"நான் அதைச் சொல்ல வரல" என்றது போன்.

"பின்ன என்னம்மா சொல்ல வந்தே? சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நாங்க இருக்கோம். கோர்டி, சீட்டைக் கீழ வைடா. சொல்லு ரோண்டா."

மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் போல அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். டேலைக் கடைசியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையின் ஓரத்தால் போனை மெல்லத் தள்ளி அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"வேணாம் ரோண்டா. இது உன்னோடது. நான் இனிமே வாயே திறக்க மாட்டேன், சத்தியமா!" டேல் அதை எடுத்து அவள் கைக்கு அடியில் வைத்தான். அவள் தன் கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.