பிந்தி வந்த வெடிச்சத்தம்

லின்னியா டார்னைக் கொன்ற துப்பாக்கியின் சத்தம் ஊருக்கு வந்து சேர ஆறு வருஷம் ஆயிற்று. குண்டு மட்டும் தாமதிக்கவில்லை. அது ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலை, உருளைக்கிழங்கு அறுவடை முடிந்த வாரத்தில், டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் அவளை வந்து அடைந்தது. கடை நிறைய ஆட்கள். ஆண்கள் எல்லோரும், பெண்களில் பாதிப் பேரும், இடுப்பில் வெளியே தெரிகிற மாதிரி துப்பாக்கி மாட்டியிருந்தார்கள். ஆல்டர் க்ரீக் என்கிற அந்த ஊரில் அது தொப்பி போட்டுக்கொள்வது போலத்தான். விதைக் கடைக்கும் சர்ச்சுக்கும் அதோடுதான் போவார்கள். முடிவெட்டுகிறவர் துணியைப் போர்த்தும்போது அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விடுவார்.

லின்னியாவின் கணவன் வெஸ்லிக்கு அப்போது இருபத்தாறு வயது. வெளியூரில் மண்ணியல் படித்துவிட்டு வந்து வாய்க்கால் அலுவலகத்தில் வேலை பார்த்தான். வெறும் இடுப்போடு நடந்தவனை விதைக் கடையில் வாத்தியார் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அதற்காகவே ஒரு துப்பாக்கி வாங்கினான். அதை இடுப்பில் மாட்டும் தோல் உறையை லின்னியாதான் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கிண்டலும் செய்வாள். "பேன்கேக் திங்கப் போறதுக்கு எதுக்குப்பா இது? மாவு எழுந்து உன்னை அடிக்கவா போகுது?" ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

மேசையில் பேன்கேக்மேல் ஊற்றிக்கொள்ளும் சிரப் தீர்ந்திருந்தது. வெஸ்லி எழுந்து கவுண்டருக்குப் போனான். பின்னாலிருந்து அவள், "வெஸ், அப்படியே வெண்ணெயும் கேளு" என்றாள். திரும்பாமலே சரி என்றான். முக்காலிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துக் கவுண்டர்மேல் குனிந்து சிரப் கேட்டான், வெண்ணெய் கேட்டான். டாட்டி அவனுடைய தோளைத் தாண்டிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த ஜாடி விழுந்து உடைந்தது. அன்று காலை அந்தக் கடையில் எல்லோரும் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

ஷெரிஃப் கிம்பல் கதவைச் சாத்திவிட்டு எல்லோருடைய துப்பாக்கியையும் கேட்டார். வெஸ்லிதான் முதலில் தன்னுடையதை மேசையில் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். எதிலும் குண்டு குறையவில்லை. எந்தக் குழலும் சூடாக இல்லை. எல்லாவற்றிலும் எண்ணெய் வாடைதான் அடித்தது. காயம் இருந்தது, அதற்குள் குண்டு இல்லை. ஷெரிஃப் சவ அடக்கம் முடிந்த பிறகு வெஸ்லியிடம் வந்தார். "சத்தம் எங்க தம்பி போயிடும்? வழியில எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. வரும்போது யாரோடதுன்னு அதுவே சொல்லிடும்" என்றார். அதுதான் ஷெரிஃப் அலுவலகத்தின் முடிவு. ஊரும் அதை நியாயமென்று எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் ஆல்டர் க்ரீக்கில் யாராலும் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வர முடியவில்லை. வைத்துவிட்டு வந்தால், சத்தத்துக்குப் பயப்படுகிறான் என்று ஆகிவிடும். அதுவரை மாட்டாதவர்களும் மாட்டினார்கள். பாதிரியார் அங்கிக்கு மேல் மாட்டிக்கொண்டு ஞானஸ்நானம் கொடுத்தார். பல் டாக்டர் மாட்டினார். பள்ளி நாடகத்தில் அப்பாக்கள் கைதட்டும்போது உறைகள் நாற்காலிகளில் இடித்துக்கொண்டன. கதவை யாராவது வேகமாகச் சாத்தினால் பேச்சு நின்று, எல்லோரும் எல்லோருடைய இடுப்பையும் பார்ப்பார்கள். பிறகு பேச்சு தொடரும்.

ஊர் அதிகம் பார்த்தது வைக்கோல் வியாபாரி ஹார்லன் ஸ்டிரிக்கின் இடுப்பைத்தான். அன்று அவன் லின்னியாவுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தான். அவனுடையது தொட்டாலே வெடிக்கிற ரகம் என்று அவனே பல முறை பெருமையடித்திருக்கிறான். வைக்கோல் வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். சீட்டாடக் கூப்பிடுவது நின்றது. வெஸ்லி அவனோடு பேசுவதை விட்டான். ஹார்லன் மட்டும் சனிக்கிழமைகளில் வெஸ்லியின் மேசையருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பான். "ஏதாவது கேட்டுச்சா தம்பி?" என்பான். வெஸ்லி தட்டைப் பார்த்தபடியே இருப்பான். "எனக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டு ஹார்லன் போய்விடுவான்.

வெஸ்லி சத்தத்துக்காகக் காத்திருந்தான். ஹார்லனைப் பிடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கை யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் கேட்டிருந்தால் அவன் திரும்பியிருப்பான். திரும்பியிருந்தால் அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்திருப்பான், அவளும் பார்த்திருப்பாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது சிரப் ஜாடியை. வீட்டில் வானொலியைத் தூக்கிப் போட்டான். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் தொந்தரவாக இருந்ததால் அதையும் நிறுத்தினான், பால் கெட்டுப்போயிற்று. வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது மதகுகளில் காதை வைத்துப் பார்ப்பான். அவள் வாங்கித் தந்த உறையை ஒரு நாளும் மாட்டாமல் இருந்ததில்லை. அவள் கைபட்ட தோல் அது.

ஆறாவது வருஷம் ஹார்லனின் மகள் கல்யாணம் பொது மண்டபத்தில் நடந்தது. ஹார்லன் வெஸ்லியின் வீட்டு வாசலில் வந்து நின்று வரச் சொன்னான். "நீ வரலன்னா, நான்தான் பண்ணினேன்னு எம் பொண்ணே நம்பிடுவா. கேக்கைத் தின்னுட்டு உடனே போயிடு. பேசவேணாம்" என்றான். வெஸ்லி போனான். கோட்டு சூட்டுக்கு மேல் எல்லோரும் துப்பாக்கி மாட்டியிருந்தார்கள். மணப்பெண்ணின் தோழிகள் உடைக்குப் பொருத்தமான ஊதா உறை போட்டிருந்தார்கள். கேக்கை வெட்டி, டாட்டி தட்டுகளை வரிசையாக நீட்டினாள். வெஸ்லி குனிந்து ஒரு தட்டை வாங்கினான்.

அப்போது சத்தம் வந்தது.

ஆறு வருஷம் எங்கேயோ அடைந்து கிடந்த சத்தம். மேற்கூரையிலிருந்து தூசி கொட்டியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபத்தில் இருந்த கைகள் எல்லாம் இடுப்புக்குப் போய், தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் மெல்ல இறங்கின. வெஸ்லி திரும்பினான், இத்தனை நாள் நினைத்திருந்தபடியே. பின்னால் ஒரு காலி நாற்காலி இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தான். லின்னியா வாங்கித் தந்த உறையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

ஹார்லன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நிம்மதியில்தான் முதலில் அழுதான். பிறகு வெஸ்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி அழுதான். அதற்குப் பின் எழுந்து வந்து கேக் தட்டை வெஸ்லியின் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் வெஸ்லி துப்பாக்கியை ஷெரிஃப் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கைகளையும் நீட்டினான். கிம்பல் அதைத் திறந்து பார்த்தார். ஒரு குண்டு குறைந்திருந்தது. துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றைப் பிடித்துக் குலுக்கினார். "போய்ச் சாப்பிடுப்பா" என்றார்.

இனி யாரும் யாரையும் சந்தேகப்படத் தேவையில்லை என்று ஆனது. பாதிரியாரும் பல் டாக்டரும் ஒரு வாரம் மாட்டாமல் இருந்து பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், எடை இல்லாமல் நேராக நடக்க வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். ஹார்லன் மட்டும் வெறும் இடுப்போடு, சாய்ந்து சாய்ந்து நடந்தான்.

சத்தம் துப்பாக்கியோடு போகவில்லை. அது வெஸ்லியோடு தங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் அவன் டாட்டியின் கடையில் எழுந்து கவுண்டருக்குப் போவான். டாட்டி கப்புகள் ஆடாமல் இருக்க இரண்டு கையையும் அவற்றின் மேல் வைத்துக்கொள்வாள். அவன் குனிந்ததும் அவனுடைய காலி இடுப்பிலிருந்து வெடிக்கும். வழிப்போக்கர்கள் மேசைக்கடியில் பாய்வார்கள். "ஒண்ணுமில்ல, எழுந்திருங்க. அது நம்ம வெஸ்லி" என்பான் ஹார்லன், வாயில் இருப்பதை மென்றுகொண்டே.

வெஸ்லி திரும்புவான். கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு வெண்ணெயை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய், லின்னியா உட்காரும் பக்கத்தில் வைப்பான்.