பதினேழாம் எண் குழி

1997 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல், வலியசாலையில் கோலப்பன் வீட்டுக் கிணற்றில் கடல் ஏறி இறங்கத் தொடங்கியது. சங்குமுகம் கடற்கரையில் ஏற்றம் என்றால் இங்கும் ஏற்றம், அங்கே இறக்கம் என்றால் இங்கும் இறக்கம். தண்ணீர் துருச் சிவப்பு. இருபக்கத்து வீட்டுக் கிணறுகளும் எப்போதும்போல் தித்தித்தன. நகரசபையிலிருந்து வந்தவர் உப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோலப்பனின் மனைவி பிரேமா குடத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

காரணம் கோலப்பனுக்குத் தெரியும். ஆலைக் கழிவு படிந்த கடலடியைத் துப்புரவு செய்ய, எங்கே மணல், எங்கே சேறு என்று வரைபடம் போடும் புவியியலாளர் அவர். கழிவு சேற்றில்தான் தங்கும். படகிலிருந்து இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கி, அடிமண்ணை அள்ளி, பையில் போட்டு எண் எழுத வேண்டும். பதினாறாவது இடத்தில் அவருக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. படகுக்காரர் நேசையன் முன்னால் வாந்தி எடுப்பதா? படகைத் திருப்பச் சொன்னார்.

"சாறே, அடுத்ததுதான் குழி. ஆலைச் செவப்புத் தண்ணி எல்லாம் அங்கதான் கெடக்கு. வலை போட்டா நூலே இத்துப் போவுது, கேட்டியளா" என்றார் நேசையன்.

கோலப்பன் கேட்கவில்லை. கரையேறியதும் பதினாறாவது பையின் மணலை இரண்டாகப் பகிர்ந்து, ஒன்றில் பதினேழு என்று எழுதினார். வரைபடத்தில் குழி மணலுக்குரிய மஞ்சளாயிற்று. அது அச்சாகி வந்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அடுத்த வருஷம் தூர்வாரும் கப்பல் வந்து மஞ்சளைத் தொடாமல் சுற்றிப் போனது. கோலப்பன் கிணற்றைத் தகரம் போட்டு மூடினார். ஏற்ற நேரத்தில் மீன்கள் தகரத்தில் முட்டும் சத்தம் கேட்கும். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. 2001இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகக் கவ்வியைக் கொண்டுவந்து கிணற்றில் இறக்கினார். இருபதடிக் கிணற்றில் கயிறு எழுபதடி இறங்கியது. வந்தது சிவந்த சேறு. பையில் போட்டுப் பதினேழு என்று எழுதி, நேராக நேசையன் வீட்டுக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒன்று விடாமல் சொன்னார். நேசையனின் மகள் சுமி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். அவள் விரலிடுக்கெல்லாம் ஆலைத் தண்ணீர் பட்ட புண்.

"வாந்திதானா சாறே? எம் படகுல யாருதான் எடுக்கல்ல? ஒரு வாளி தண்ணி ஊத்தினா போயிரும்" என்றார் நேசையன்.

திட்டியிருந்தால் தேவலை. கோலப்பனுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

தன் கைப்படவே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதவி இறங்கியது. வரைபடம் திருந்தியது. கப்பல் திரும்பி வந்து குழியை வாரியது. கிணற்றில் சிவப்பு போனது, கடல் போகவில்லை. அதற்குப் பிறகு பதினேழாம் எண் மண்ணை அலுவலகம் வருஷந்தோறும் அந்தக் கிணற்றிலிருந்துதான் எடுக்கிறது. படகு வாடகை மிச்சம். கயிறு பிடிக்க, கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நேசையன் வந்துவிடுவார். கோலப்பன் கவ்வியை இறக்கிக் குனிந்ததும் குமட்டிக்கொண்டு வரும். அவர் நேசையன் முன்னாலேயே வாந்தி எடுப்பார். நேசையன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்.